மத்திய அரசு ஊழியர்களுக்கான குழந்தை பராமரிப்பு விடுப்பும் பிற குடும்பச் சலுகைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகங்களில் எல்லோரும் சி.சி.எல். என்று சொல்லும் குழந்தை பராமரிப்பு விடுப்பு, ஆறாவது ஊதியக் குழுவைத் தொடர்ந்து 2008 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின், 2018 டிசம்பரில், இன்றைய வடிவம் பெற்றது. இடையில் வந்துபோன சுற்றறிக்கைகளின் மிச்சம் இன்னும் பிரிவு அலுவலகங்களில் புழங்குகிறது. "ஈ.எல். (ஈட்டிய விடுப்பு) தீர்ந்தால்தான் சி.சி.எல்.", "பதினைந்து நாளுக்குக் குறைந்து தர முடியாது" என்று யாராவது சொன்னால், அவர் என்றோ மாறிப்போன ஆணையைப் படித்திருக்கிறார் என்று பொருள். இன்று செல்லுபடியாகும் விதியை வைத்துக் கீழே பதில்கள்.

இந்த விடுப்பு யாருக்கு?

மத்திய குடிமைப் பணிகள் விடுப்பு விதிகள், 1972 பொருந்தும் பெண் ஊழியர்களுக்கும், தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண் ஊழியர்களுக்கும். விதி எண் 43-சி. அஞ்சல், வருமான வரி, சுங்கம், கணக்குத் தணிக்கை போன்ற துறைகளில் இருப்பவர்கள் நேரடியாக இதன் கீழ் வருவார்கள். ரயில்வேக்கு இதே போன்ற தனி விதி. தன்னாட்சி நிறுவனங்கள் பல இந்த விதியைத் தங்களுக்கும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. உங்கள் நிறுவனம் ஏற்றிருக்கிறதா என்பதை நிர்வாகப் பிரிவில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாநில அரசு ஊழியர்களுக்கு இது தானாகப் பொருந்தாது. ஒவ்வொரு மாநிலமும் தனியாக ஏற்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு 2021 ஜூலை 1 முதல் மகப்பேறு விடுப்பை ஓராண்டாக்கியது, ஆனால் அது வேறு விதி, வேறு விடுப்பு. வங்கிகளுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் அவரவர் விதி உண்டு. தனியார் நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு இந்தப் பக்கம் பயன்படாது.

மொத்தம் எத்தனை நாள்? சம்பளம் முழுதாக வருமா?

பணிக்காலம் முழுமைக்கும் 730 நாள். முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதம்.

இந்த 365 ஆண்டுக் கணக்கு அல்ல. பத்து வருடம் முன்பு எடுத்த இருபது நாளும் அதில் சேரும். ஏற்கெனவே 350 நாள் எடுத்தவர் இப்போது 30 நாள் எடுத்தால், முதல் 15 நாளுக்கு முழுச் சம்பளமும் மீதி 15 நாளுக்கு 80 சதவீதமும் கிடைக்கும். வீட்டுக்கடன் தவணை சம்பளத்தில் பிடிக்கப்படுகிறவர்கள் அந்த மாதம் கைக்கு என்ன வரும் என்று முன்கூட்டியே டி.டி.ஓ. (சம்பளம் வழங்கும் அலுவலர்) பிரிவில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

எந்தப் பிள்ளைக்காக எடுக்கலாம்? வயது வரம்பு என்ன?

உயிருடன் இருக்கும் பிள்ளைகளில் மூத்த இருவருக்காக மட்டும், அவர்களுக்கு 18 வயது நிறையும் வரை. மூன்றாவது பிள்ளைக்குக் கிடையாது. மூத்தவர் 18 தாண்டிவிட்டார் என்பதால் அந்த இடம் மூன்றாவது பிள்ளைக்கு வந்துவிடாது. 730 நாள் என்பது இருவருக்கும் சேர்த்துத்தான். ஆளுக்கு 730 இல்லை.

பிளஸ் டூ தேர்வுக்காகச் சேமித்து வைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் பிறந்த தேதியை. 2009 ஜனவரியில் பிறந்த பிள்ளைக்கு 2027 ஜனவரியில் 18 நிறைந்துவிடும். மார்ச் தேர்வுக்கு சி.சி.எல். கிடைக்காது, கையில் 400 நாள் மிச்சமிருந்தாலும். ஒரு வகுப்பு தாமதமாகச் சேர்ந்த பிள்ளைகளின் தாய்மார்கள் இதில் மாட்டிக்கொள்வது அதிகம். இப்படிப்பட்டவர்கள் பத்தாம் வகுப்பிலும் பதினொன்றிலும் நாட்களைச் செலவழித்துவிட்டு, பிளஸ் டூவுக்கு ஈ.எல்.லை வைத்துக்கொள்வதே சரி.

பிள்ளை மாற்றுத்திறனாளி என்றால்?

வயது வரம்பே இல்லை. குறைந்தது 40 சதவீத மாற்றுத்திறன் சான்றிதழும், பிள்ளை உங்களைச் சார்ந்திருப்பதற்கான சான்றும் வேண்டும். பழைய ஆணைகளில் 22 வயது வரை என்று இருந்தது, அது நீக்கப்பட்டுவிட்டது. நாட்கள் கூடுவதில்லை, அதே 730தான்.

2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஷாலினி தர்மானி வழக்கில், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் தாய்மார்களுக்கு இந்த விடுப்பை மறுப்பது, பெண்கள் வேலையில் சமமாகப் பங்கேற்பதை உறுதிசெய்யும் அரசியலமைப்புக் கடமையை மீறுவதாகும் என்றது. இமாச்சலப் பிரதேச அரசுக் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் தொடுத்த வழக்கு அது. அந்த மாநிலம் 43-சி விதியை ஏற்காமல் இருந்ததுதான் பிரச்சினை. மாநில அரசு ஊழியர்கள் தங்கள் அரசிடம் மனுப் போடும்போது இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடலாம்.

தேர்வோ நோயோ இருந்தால்தான் தருவார்களா?

விதியின் வாசகம் பிள்ளையை வளர்ப்பதற்கும், கல்வி, நோய் போன்ற அவர்களின் எந்தத் தேவைக்கும் என்று விரிவாகவே இருக்கிறது. பால்குடி மாறாத குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதும் காரணம்தான். ஆனால் "சொந்தக் காரணம்" என்று இரண்டே சொல்லில் எழுதினால் அதிகாரிக்கு மறுப்பது எளிது. என்ன தேவை, ஏன் இந்தத் தேதி என்று எழுதுங்கள்.

சனி, ஞாயிறும் கழியுமா?

இடையில் வந்தால் கழியும். முன்னும் பின்னும் ஒட்டி வந்தால் கழியாது. ஈ.எல்.லுக்கு உள்ள அதே முறை. 730 நாளை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பது இந்த ஒரு கணக்கில்தான் இருக்கிறது.

ஐந்து நாள் வேலை வாரம் உள்ள ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை லீவ் போட்டு, முன்னால் ஒரு சனி ஞாயிறையும் பின்னால் ஒரு சனி ஞாயிறையும் சேர்க்க அனுமதி வாங்கினால், வீட்டில் இருப்பது 9 நாள், கழிவது 5 நாள். இரண்டு வாரம் தொடர்ந்து எடுத்தால் வீட்டில் 16 நாள், கழிவது 12. நான்கு வாரம் என்றால் கழிவது 26 நாள், ஆனால் அதில் வேலை நாள் 20தான். புதன்கிழமை தொடங்கி அடுத்த செவ்வாய்க்கிழமை முடிக்கிறவர் 7 நாள் கொடுத்து 5 வேலை நாளை வாங்குகிறார்.

குறைந்தபட்ச அளவு ஒரு தடவைக்கு 5 நாள். இடையில் வரும் விடுமுறையும் அந்த ஐந்தில் அடங்கும் என்பதால் வியாழன் முதல் திங்கள் வரை போட்டாலும் செல்லும். அதில் வேலை நாள் மூன்றுதான் என்பதை நினைவில் வையுங்கள்.

விண்ணப்பத்தில் முன்சேர்க்கை, பின்சேர்க்கை என்ற கட்டங்களை நிரப்பாமல் விடுவது வழக்கமான தவறு. ஊரை விட்டு வெளியே போகும் அனுமதியும் அந்தச் சனிக்கிழமையிலிருந்தே வேண்டும் என்று சேர்த்து எழுதிவிடுங்கள்.

வருடத்துக்கு எத்தனை தடவை?

ஒரு காலண்டர் ஆண்டில் 3 ஸ்பெல். தனித்த பெண் ஊழியர்களுக்கு மட்டும் 6. தனித்த ஆண் ஊழியருக்கு 3தான்.

நாள் தீர்ந்துபோய்த் தவிப்பவர்களை விட ஸ்பெல் தீர்ந்துபோய்த் தவிப்பவர்களே அதிகம். ஜனவரியில் காய்ச்சலுக்கு ஐந்து நாள், மார்ச்சில் தேர்வுக்கு இரண்டு வாரம், ஜூனில் பள்ளி மாற்றத்துக்கு ஐந்து நாள் என்று எடுத்தவருக்கு, அக்டோபரில் பிள்ளைக்கு டெங்கு வந்தால் சி.சி.எல். இல்லை. ஐந்தாறு நாளில் முடிகிற வேலைக்கு ஈ.எல். எடுங்கள், சி.சி.எல்.லைப் பெரிய தேவைக்கு வையுங்கள். ஆண்டில் ஒரு ஸ்பெல்லாவது தொடாமல் அக்டோபர் வரை கொண்டுபோவது புத்திசாலித்தனம், வடகிழக்குப் பருவமழை கொண்டுவரும் காய்ச்சல்களைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஈ.எல். கையிருப்பில் இருந்தால் சி.சி.எல். தர மறுக்கலாமா?

முடியாது. ஈ.எல். தீர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2010 செப்டம்பரிலேயே நீக்கப்பட்டுவிட்டது. சி.சி.எல். உங்கள் விடுப்புக் கணக்கில் கழிவதில்லை. அதற்குத் தனித் தாள், சர்வீஸ் புக்கோடு சேர்த்து வைக்கப்படும்.

தகுதிகாண் காலத்தில் எடுக்கலாமா?

பொதுவாகக் கிடையாது. மிக நெருக்கடியான நிலை என்று அதிகாரி ஏற்றுக்கொண்டால், குறைந்த நாட்களுக்குத் தரலாம்.

லீவில் இருக்கும்போது சம்பளத்தில் எதுவும் குறையுமா?

முழுச் சம்பளக் காலத்திலும் இரண்டு இடத்தில் குறையும். ஒன்று, போக்குவரத்துப் படி. ஒரு காலண்டர் மாதம் முழுக்க லீவில் இருந்தால் அந்த மாதப் படி கிடையாது. அந்த மாதத்தில் ஒரு நாள் பணியில் இருந்தாலும் கிடைக்கும். மார்ச் 1 முதல் 31 வரை என்று போடாமல், தேதியை ஓரிரு நாள் நகர்த்த முடியுமா என்று பாருங்கள்.

இரண்டாவது, ஆண்டு ஊதிய உயர்வு. விடுப்புச் சம்பளம் என்பது லீவில் போகுமுன் வாங்கிய சம்பளம். உங்கள் ஊதிய உயர்வு ஜூலை 1 என்று இருந்து, நீங்கள் ஜூன் 15 முதல் ஜூலை 15 வரை லீவில் இருந்தால், கூடுதல் தொகை ஜூலை 16 அன்று பணியில் சேர்ந்த பிறகே கைக்கு வரும். அடுத்த உயர்வின் தேதி மாறாது. ஜனவரி 1 உயர்வுக்காரர்களுக்கும் இதே கதை. ஆறு மாத லீவுக்கு நடுவில் ஜூலை 1 வந்தால் இழப்பு சில ஆயிரங்களைத் தொடும்.

எப்படி விண்ணப்பிப்பது? என்னென்ன இணைக்க வேண்டும்?

வழக்கமான விடுப்புப் படிவம் 1, அல்லது உங்கள் அலுவலகத்தின் இணையவழி விடுப்புப் பக்கம். இணையத்தில் போட்டாலும் கையெழுத்திட்ட ஒரு பிரதியைத் தபால் பிரிவில் கொடுத்து, தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். பின்னால் தகராறு வந்தால் முதலில் கேட்கப்படுவது அந்தத் தேதிதான்.

இணைக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ் நகல், தேவையைக் காட்டும் தாள் (தேர்வு அட்டவணை, மருத்துவர் குறிப்பு, பள்ளிக் கடிதம் இவற்றில் ஒன்று), இதுவரை எடுத்த சி.சி.எல். விவரம். பிள்ளையின் பெயர் அலுவலகத்தில் உள்ள குடும்ப விவரப் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். இரண்டாவது குழந்தையின் பெயரைச் சேர்க்க மறந்துவிட்டு, விண்ணப்பம் திரும்பி வந்த பிறகு ஓடுபவர்கள் உண்டு.

காரணம் எழுதும் பகுதி இப்படி இருந்தால் போதும்:

"என் மூத்த மகன் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகிறான். தேர்வு அட்டவணை இணைப்பில் உள்ளது. விதி 43-சியின் கீழ் … முதல் … வரை 26 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பும், முன்னும் பின்னும் வரும் சனி, ஞாயிறுகளைச் சேர்க்கவும் தலைமையிடம் விட்டுச் செல்லவும் அனுமதியும் கோருகிறேன். இந்த ஆண்டில் இது இரண்டாவது ஸ்பெல். இதுவரை எடுத்தது 94 நாள், இருப்பு 636 நாள். என் இருக்கைப் பணியை இன்னாரிடம் ஒப்படைப்பது பற்றிப் பிரிவு அலுவலரிடம் பேசியுள்ளேன்."

கடைசி வாக்கியம் விதியில் இல்லாதது. ஆனால் கோப்பில் "வேலை யார் பார்ப்பது?" என்ற குறிப்பு எழுவதற்கு முன்பே பதில் இருந்தால், கோப்பு ஒரு சுற்று குறைவாகச் சுற்றும். நெருக்கடி இல்லாத தேவை என்றால் இரண்டு மாதம் முன்பே கொடுங்கள். மார்ச் மாதம் எல்லா அலுவலகத்திலும் நிதியாண்டு முடிவு. அதுவே பொதுத்தேர்வு மாதமும். ஒரே பிரிவில் மூன்று தாய்மார்கள் இருந்தால் முதலில் கொடுத்தவருக்கே வாய்ப்பு அதிகம்.

ஆணை கைக்கு வராமல் லீவில் போகக் கூடாது. "மேடம் சரின்னு சொல்லிட்டாங்க" என்பது அனுமதி ஆகாது. முன் அனுமதி இல்லாமல் எந்தச் சூழ்நிலையிலும் சி.சி.எல்.லில் போக முடியாது என்று 2008 ஆணையே சொல்கிறது. பிள்ளையைத் திடீரென்று மருத்துவமனையில் சேர்த்திருந்தால், அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பி, ஈ.எல். கேட்டுக்கொண்டு, தேவை நீளும் என்று தெரிந்ததும் சி.சி.எல்.லுக்குத் தனியாக விண்ணப்பியுங்கள்.

மறுத்தால் என்ன செய்வது?

உரிமையாகக் கேட்க முடியாது என்பது உண்மை. அலுவலக வேலை கெடும் என்றால் அதிகாரி மறுக்கலாம், தள்ளிப்போடச் சொல்லலாம். அதே விதித் தொகுப்பின் 7ஆம் விதியில் உங்களுக்குச் சாதகமான ஒரு வரியும் இருக்கிறது: விடுப்பை மறுக்கவோ ரத்து செய்யவோ அதிகாரிக்கு அதிகாரம் உண்டு, ஆனால் தகுதியுள்ள ஒரு வகை விடுப்பை நீங்கள் கேட்டிருக்கும்போது, நீங்கள் எழுதிக் கேட்டாலன்றி அதை வேறு வகையாக மாற்றக் கூடாது. நீங்கள் கேட்ட சி.சி.எல்.லை அவர்களாகவே ஈ.எல். என்று மாற்றி ஆணை போட்டால், இந்த விதியைக் காட்டித் திருத்தம் கேளுங்கள்.

மறுப்பை எழுத்தில் வாங்குவதே முதல் வேலை. பல இடங்களில் விண்ணப்பம் மறுக்கப்படுவதில்லை. மேசையில் கிடக்கும், தேர்வு முடிந்துவிடும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் நினைவூட்டல் கடிதம் கொடுங்கள், அதில் மாற்றுத் தேதிகளையும் எழுதுங்கள். மறுப்பு வந்தால் அடுத்த மேலதிகாரிக்கு மனு.

அதற்கும் மேல் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம்; சென்னையில் அதன் அமர்வு இருக்கிறது. துறைக்குள் உள்ள வழிகளைப் பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பாயம் வழக்கமாக எதிர்பார்க்கும். இறுதி மறுப்பாணையிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். மனுவுக்குப் பதிலே வரவில்லை என்றால், ஆறு மாதம் பொறுத்து, அதிலிருந்து ஓராண்டு. மார்ச் தேர்வுக்கு பிப்ரவரியில் விண்ணப்பித்தவருக்கு இந்தக் கால அளவுகளால் ஒரு பயனும் இல்லை. முன்கூட்டியே விண்ணப்பிக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

இரண்டு வருடத்தையும் ஒரே மூச்சில் எடுக்க முடியுமா?

விதியில் தடை இல்லை. அந்தமான் நிக்கோபார் நிர்வாகத்தில் பணிபுரிந்த ஊழியர் தொடுத்த ககாலி கோஷ் வழக்கில், 730 நாளைத் தொடர்ச்சியாகவும் தரலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அனுமதி கிடைப்பது வேறு விஷயம்.

மகப்பேறு விடுப்போடு சேர்த்து எடுக்கலாமா?

எடுக்கலாம். 180 நாள் மகப்பேறு விடுப்பு முடிந்த மறுநாளே சி.சி.எல். தொடங்கலாம். சி.சி.எல்.லைத் தொடர்ந்து மற்ற விடுப்புகளையும் ஓராண்டு வரை, மருத்துவச் சான்று இல்லாமல் கேட்க முடியும். சேர்க்கக் கூடாதது சி.எல். (தற்செயல் விடுப்பு) ஒன்றுதான். வெள்ளிக்கிழமை சி.சி.எல். முடிந்து, திங்கள் மட்டும் சி.எல். என்று போடுவது செல்லாது. அந்தத் திங்களையும் சி.சி.எல்.லில் கேளுங்கள், சனி ஞாயிறு அப்போது கழியும் என்று தெரிந்தே.

கருச்சிதைவுக்கும் குழந்தை இழப்புக்கும் தனி விடுப்புகள் உண்டு. கருச்சிதைவுக்குப் பணிக்காலம் முழுவதும் சேர்த்து 45 நாள். இறந்து பிறந்தாலோ பிறந்து 28 நாளுக்குள் குழந்தை இறந்தாலோ, 2022 செப்டம்பர் ஆணைப்படி 60 நாள் சிறப்பு மகப்பேறு விடுப்பு. உயிருடன் இரண்டு பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் பிரசவம் நடந்திருந்தால் இது கிடைக்கும். அவசரத்தில் வேறு மருத்துவமனைக்குப் போயிருந்தால் அவசரச் சான்றிதழ் வேண்டும். வாடகைத்தாய் மூலம் குழந்தை பெறும் ஊழியருக்கும் 2024 ஜூன் திருத்தத்துக்குப் பின் 180 நாள் வரை கிடைக்கிறது.

கணவரின் முதல் மணத்துப் பிள்ளைகளுக்காக சி.சி.எல். எடுத்தால், பின்னால் என் குழந்தைக்கு மகப்பேறு விடுப்பு போய்விடுமா?

போகாது. சண்டிகரில் ஒரு செவிலியருக்கு இதே காரணத்தைச் சொல்லி மறுத்தார்கள். 2022 ஆகஸ்டில் தீபிகா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்தது. 2025 மே மாதம் தமிழ்நாட்டு ஆசிரியை உமாதேவியின் வழக்கிலும், முதல் மணத்தில் இரண்டு பிள்ளைகள் இருந்தாலும் மறுமணத்தில் பிறந்த குழந்தைக்கு மகப்பேறு விடுப்பு தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

அப்பாக்களுக்கு என்ன இருக்கிறது?

மனைவியை இழந்தவர், விவாகரத்தானவர், மணமாகாமல் பிள்ளை வளர்ப்பவர் ஆகியோருக்கு சி.சி.எல். உண்டு. மற்ற அப்பாக்களுக்கு இல்லை. மனைவி நோயில் படுத்திருந்தாலும் இல்லை. விதியின் பெரிய ஓட்டை இதுதான்.

அவர்களுக்கு இருப்பது 15 நாள் தந்தைமை விடுப்பு. பிரசவத்துக்கு 15 நாள் முன்பிருந்து, பிறந்து 6 மாதத்துக்குள் எடுக்க வேண்டும், தவறினால் காலாவதி. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தத்தெடுத்தாலும் 15 நாள் உண்டு. உயிருடன் இருக்கும் பிள்ளைகள் இருவருக்குக் குறைவாக இருக்க வேண்டும்.

வயதான அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஏதாவது விடுப்பு?

அதற்கென்று தனி விடுப்பு இல்லை. 2025 ஜூலையில் மாநிலங்களவையில் இதே கேள்விக்கு அரசு சொன்ன பதில்: ஆண்டுக்கு 30 நாள் ஈ.எல்., 20 நாள் அரைச் சம்பள விடுப்பு, 8 நாள் சி.எல்., 2 நாள் வரையறுக்கப்பட்ட விடுமுறை இருக்கின்றன, பெற்றோரைப் பார்த்துக்கொள்வது உட்பட எந்தச் சொந்தக் காரணத்துக்கும் எடுக்கலாம். புதிதாக எதுவும் இல்லை. ஆகவே இருப்பதை எந்த வரிசையில் செலவழிப்பது என்பதே கேள்வி.

ஒரு நாள், இரண்டு நாள் மருத்துவமனைப் போக்குவரத்துக்கு சி.எல்.; அரை நாளாகவும் எடுக்கலாம். அறுவைச் சிகிச்சை, மூன்று நான்கு வாரக் கவனிப்புக்கு ஈ.எல். அரைச் சம்பள விடுப்பைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அது ஜனவரியிலும் ஜூலையிலும் பத்துப் பத்து நாளாக ஏறிக்கொண்டே இருக்கும்; பதினைந்து வருட சர்வீஸில் 300 நாள் வரை சேர்ந்திருக்கலாம். ஓய்வுக்கு அருகில் இருந்து, ஈ.எல். 300 நாளைக் காசாக்க நினைப்பவர்களுக்கு அரைச் சம்பளம் என்பது நஷ்டம் போலத் தோன்றும். நீண்ட நாள் படுக்கையில் இருக்கும் தாய்க்கு இரண்டு மாதம் துணை இருக்க வேண்டுமென்றால் இதுதான் கைகொடுக்கும்.

செய்யக் கூடாதது ஒன்று. அரைச் சம்பள விடுப்பை முழுச் சம்பளமாக மாற்றித் தரும் கம்யூட்டட் லீவ், உங்கள் சொந்த உடல்நலச் சான்றின் பேரில் கிடைப்பது. அப்பாவின் நோய்க்கு உங்கள் பெயரில் மருத்துவச் சான்று வாங்கிக் கொடுத்துவிட்டு, அதே நாட்களில் அப்பாவின் மருத்துவமனைச் செலவைத் திரும்பக் கேட்டு உங்கள் கையெழுத்தோடு பில் போட்டால், இரண்டு கோப்பும் ஒரே மேசைக்கு வரும் நாள் வரும்.

சம்பளமில்லா விடுப்பு கடைசி வழி. சொந்தக் காரணத்துக்காக எடுக்கும் சம்பளமில்லா விடுப்பு ஓய்வூதியத் தகுதிக் காலத்தில் சேராது. பெற்றோருக்குச் சிறுநீரகமோ கல்லீரல் பகுதியோ கொடுக்கிறவர்களுக்கு மட்டும் தனியாக 42 நாள் சிறப்புத் தற்செயல் விடுப்பு உண்டு, 2023 ஏப்ரல் ஆணைப்படி.

வீட்டிலிருந்து வேலை, நேர நெகிழ்வு இவை கிடைக்குமா?

வீட்டிலிருந்து வேலை பார்ப்பதைக் கேட்டுப் பெறும் நிலையான உரிமை இல்லை. கொரோனா காலத்தில் தந்தது அந்தக் காலத்தோடு முடிந்தது. தாமதமாக வருவதற்கு ஒரு சிறு இடைவெளி உண்டு: நியாயமான காரணம் இருந்தால், ஒரு மணி நேரம் வரையிலான தாமதத்தை மாதத்துக்கு இரண்டு முறை அதிகாரி மன்னிக்கலாம். மூன்றாவது முறை அரை நாள் சி.எல். கழியும். பயோமெட்ரிக் வந்த பிறகு இது தானாகவே கணக்காகிறது, அதனால் அன்றைக்கே காரணத்தை எழுதி ஒப்புதல் வாங்கிவிடுங்கள், மாதக் கடைசியில் வேண்டாம்.

வீட்டில் மாற்றுத்திறனாளி இருந்தால் இடமாற்றத்திலிருந்து விலக்கு உண்டா?

உண்டு, பலருக்குத் தெரியாமலே. 2018 அக்டோபர் 8 தேதியிட்ட பணியாளர் துறை ஆணைப்படி, மாற்றுத்திறனாளியான மகன், மகள், பெற்றோர், துணை, உடன்பிறந்தோர் இவர்களில் ஒருவரை முக்கியமாகக் கவனித்துக்கொள்ளும் ஊழியருக்கு வழக்கமான சுழற்சி இடமாற்றத்திலிருந்து விலக்குத் தரலாம், நிர்வாகச் சூழல் அனுமதித்தால். 2014 ஆணையில் இருந்ததை இது விரிவாக்கியது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் பார்கின்சன் நோயும் இருக்கிறது. பார்கின்சன் வந்த தந்தைக்கு 40 சதவீதச் சான்றிதழ் வாங்கினால் அது இங்கே பயன்படும். "வயசான காலத்துல எதுக்குச் சான்றிதழ்" என்று விட்டுவிடாதீர்கள். இடமாற்ற ஆணை வந்த பிறகு சான்றிதழுக்கு அலைவதைவிட, ஆண்டு இடமாற்றப் பட்டியல் தயாராகும் முன்பே சான்றிதழையும் சார்ந்திருப்பதற்கான உறுதிமொழியையும் அலுவலகக் கோப்பில் சேர்த்துவிட வேண்டும்.

சி.சி.எல்.லில் இருக்கும்போது வெளிநாடு போகலாமா? எல்.டி.சி. (விடுமுறைப் பயணச் சலுகை) எடுக்கலாமா?

இரண்டும் முடியும். வெளிநாட்டுக்கும் ஊரை விட்டுப் போவதற்கும் முன் அனுமதி வேண்டும்.

முன்பே திரும்பினால்? நாள் தாண்டிவிட்டால்?

அனுமதித்த நாளுக்கு முன் தானாகப் போய்ச் சேர முடியாது. அதற்கும் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கிடைத்தால் எடுக்காத நாட்கள் கணக்குக்குத் திரும்பும், ஸ்பெல் திரும்பாது.

நீட்டிப்பு வேண்டுமென்றால் லீவ் முடிவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அனுமதி இல்லாமல் கூடுதலாக இருந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. அந்த நாட்கள் அரைச் சம்பள விடுப்புக் கணக்கில் கழிக்கப்படும். வேண்டுமென்றே வராமல் இருந்ததாகக் கருதினால் மெமோவும் வரும்.

வேறு அலுவலகத்துக்கு மாறினால் கணக்கு என்னாகும்? மீதியைக் காசாக்கலாமா?

கணக்கு கூடவே வரும், வர வேண்டும். சர்வீஸ் புக் போய்ச் சேர்ந்து, சி.சி.எல். தாள் பழைய அலுவலகத்தில் தங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. விடுவிப்புக்கு முந்தைய வாரமே அந்தத் தாளைப் பார்த்து, ஒவ்வொரு ஸ்பெல்லும் தேதியோடு ஏறியிருக்கிறதா, அதிகாரியின் கையெழுத்து இருக்கிறதா என்று சரிபார்த்து, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விடுப்பு ஆணையின் நகலையும் வீட்டில் ஒரு கோப்பில் சேர்த்துவந்தால், தாள் தொலைந்தாலும் கணக்கை மறுபடி எழுதிவிடலாம்.

காசாக்க முடியாது. எடுக்காத நாட்கள், இந்த விடுப்புக்குரிய பிள்ளைகளில் இளையவருக்கு 18 நிறையும் அன்றோடு பயனற்றுப்போகும், மாற்றுத்திறனாளிப் பிள்ளை இல்லையென்றால்.